பக்கவாதம் வந்தவருக்குச் சாப்பாடு: வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வார்டிலும் சரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளிலும் சரி, பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரியவர்களுக்கானவை. சிறுநீரகக் கோளாறோ இதயப் பலவீனமோ இருப்பவர்களுக்குப் புரதம், தண்ணீர் அளவுகள் மாறும். அவர்கள் மருத்துவரிடம் தங்கள் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. வாதம் அடிச்சது மூளையில. வயிறு நல்லாத்தான இருக்கு, பிறகு ஏன் சத்துக்குறைவு வரும்?

வயிற்றில் குறையில்லை. சோறு வயிற்றுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் தடை. ஒரு வாய்ச் சோற்றை விழுங்க உதடு, நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் மூளை சொல்கிறபடி ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த வரிசை குலைந்துபோகிறது. வலது கை விழுந்தவரால் பிசைந்து சாப்பிட முடியாது. பேச்சு போனவரால் பசிக்கிறது என்று சொல்ல முடியாது. மனம் உடைந்தவருக்குப் பசியே எடுக்காது.

படுத்த படுக்கையாக இருந்தாலே தசை கரையும். சாப்பாடும் குறைந்தால் உடம்பு தன் தசையையே எரித்துத் தின்னும். அதனால் படுக்கைப்புண் ஆறாது, சளியை இருமித் துப்பத் தெம்பிருக்காது, பிசியோதெரபி செய்பவர் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க ஏலாது. கை கால் திரும்பி வரவேண்டிய முதல் மூன்று மாதம்தான் முக்கியமான காலம். அந்த மூன்று மாதத்தைக் கஞ்சித்தண்ணியில் கழிக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

2. எங்க அப்பா ஆளு நல்ல குண்டு. அவுகளுக்குப் போயி சத்துக்குறைவா?

ஆம், வரும். குண்டாக இருப்பவரின் உடம்பில் கொழுப்பு மிச்சமிருக்கலாம், தசை போய்க்கொண்டிருக்கலாம். தொப்பை அப்படியே இருக்கும், தொடை மெலியும். அதனால் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் அளந்து பாருங்கள். 80 கிலோ இருந்தவர் இரண்டு மாதத்தில் 72 ஆனால் பார்வைக்கு இன்னும் குண்டுதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது, அது அபாயக் குறி.

மோதிரம் கழல்வது, வேட்டி இடுப்பில் நிற்காதது, பல்செட் ஆடுவது, தோள்பட்டை எலும்பு துருத்துவது, நெற்றிப்பொட்டில் குழி விழுவது இவையெல்லாம் தராசு இல்லாமலே தெரியும் அடையாளங்கள். கால் வீங்கியிருந்தால் எடை ஏமாற்றும். நீர்தான் எடையாகத் தெரியும்.

3. நல்லா முழிச்சிருக்காவ, கேட்டா பதில் சொல்லுதாவ. ஒரு வாய் தண்ணி குடுத்தா என்ன?

விழுங்கும் சோதனை முடியும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாய்வழி வேண்டாம். விழுங்குவதற்கு மிகக் கஷ்டமான பொருளே தண்ணீர்தான். அது வேகமாக ஓடும், தொண்டை மூடிக்கொள்வதற்கு முன்னால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாலாடையால் வாயோரத்தில் ஊற்றுவது இன்னும் மோசம். குழந்தைக்குச் செய்வதைப் பெரியவருக்குச் செய்தால் பால் நேரே நுரையீரலுக்குப் போகலாம்.

சோதனையை நர்சோ பேச்சுப் பயிற்சி நிபுணரோ செய்வார்கள். நிமிர்ந்து உட்கார முடிகிறதா, விழிப்பாக இருக்கிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா, இருமச் சொன்னால் இருமுகிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஒரு முறையில் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். இடையில் நிறுத்தினாலோ, இருமினாலோ, ஒரு நிமிடத்துக்குள் குரல் கரகரத்தாலோ தேறவில்லை என்று பொருள். ‘கஸ்’ என்கிற இன்னொரு முறை கெட்டியான கூழில் தொடங்கிப் பிறகு தண்ணீர், கடைசியில் திடப்பொருள் என்று போகும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இருமல் வரவில்லை என்பதால் சரியாகத்தான் போகிறது என்று சொல்ல முடியாது. தொண்டையில் உணர்ச்சி போனவருக்குப் புரை ஏறினாலும் இருமல் வராது. காரணமில்லாமல் காய்ச்சல், சாப்பிட்ட பிறகு மூச்சு வேகமாவது, சளி கூடுவது இருந்தால் வீடியோ எக்ஸ்ரேயோ மூக்கு வழிக் கேமராவோ வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

4. எந்திச்சு நிக்கவே ஏலாது. இவரை எப்படி எடை போட?

நாற்காலித் தராசு உள்ள ஆஸ்பத்திரி என்றால் சுலபம். இல்லாவிட்டால் அரிசிக் கடையில் மூட்டை போடுகிற மேடைத் தராசு போதும். பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவரை உட்காரவைத்து மறுபடி போட்டு நாற்காலி எடையைக் கழியுங்கள். இரண்டு பேர் பக்கத்தில் கைதொடாமல் தயாராக நிற்க வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அதே தராசில், அதே நேரத்தில்.

தராசே கிடைக்காவிட்டால் தையல்காரர் டேப்பை எடுங்கள். வாதம் படாத கையை முழங்கையில் மடக்கி, தோள் முனை எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தொங்கவிட்டு அந்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். 23.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலின் பருத்த இடம் 31 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கிறது. விழுந்த பக்கத்தில் அளக்காதீர்கள். அது வீங்கியும் இருக்கும், சூம்பியும் இருக்கும், கணக்குத் தவறும்.

ஆஸ்பத்திரிகளில் அதிகம் புழங்குவது பிரிட்டனில் உருவான ‘மஸ்ட்’ மதிப்பெண். கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 20-க்கு மேல் என்றால் 0, 18.5 முதல் 20 வரை 1, அதற்குக் கீழே 2. கடந்த 3 முதல் 6 மாதத்தில் தானாக இறங்கிய எடை 5 சதவீதத்துக்குள் 0, 5 முதல் 10 வரை 1, அதற்கு மேல் 2. நோய் கடுமையாக இருந்து, 5 நாளுக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை அல்லது இறங்காது என்றால் இன்னும் 2. மொத்தம் 0 என்றால் பயம் குறைவு, 1 என்றால் நடுத்தரம், 2-ம் அதற்கு மேலும் என்றால் உடனே உணவியல் நிபுணர் பார்க்க வேண்டும். உதாரணமாக 165 செ.மீ. உயரம், முன்பு 60 கிலோ, இப்போது 55. பி.எம்.ஐ. 20.2, அதற்கு 0. இறங்கியது 8.3 சதவீதம், அதற்கு 1. பக்கவாதம் வந்து ஆறு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் இன்னும் 2. ஆக 3. ஆள் பார்க்க ஒல்லியாகக்கூடத் தெரியமாட்டார்.

5. ரத்தத்துல ஆல்புமின் கம்மின்னு எழுதியிருக்கு. முட்டை வெள்ளைக்கரு குடுத்தா ஏறிருமா?

ஆல்புமின் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பில் உள்ள அழற்சியும் தொற்றும்தான். காய்ச்சல் வந்தால் இறங்கும், தணிந்தால் ஏறும். அதை வைத்து மட்டும் ஒருவருக்குச் சத்துக்குறைவு என்றோ இல்லை என்றோ முடிவு செய்யும் வழக்கம் இப்போது போய்விட்டது. முட்டை நல்லது, கொடுங்கள். ஆனால் தேறுகிறாரா என்பதை எடையிலும் கை அளவிலும் எவ்வளவு சாப்பிட்டார் என்பதிலும் பாருங்கள்.

6. நாளைக்கு ஆறு வேளை கஞ்சி குடுக்கோம். அது காணாதா?

காணாது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 60 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, அதாவது 1,500 முதல் 1,800 வரை வேண்டும். புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் சுமார் 72 கிராம். படுக்கைப்புண் இருந்தால் 1.5 வரை போகலாம். தண்ணீர், உணவில் இருப்பதையும் சேர்த்து, கிலோவுக்கு 30 மி.லி.

வடித்த கஞ்சி ஒரு தம்ளரில் அரிசி 20 கிராம்தான் இருக்கும். அது 70 கலோரி, புரதம் ஒன்றரை கிராம். ஆறு தம்ளர் குடித்தாலும் 420 கலோரி, 9 கிராம் புரதம். வயிறு நிறையும், ஆள் இளைப்பார். ஒவ்வொரு தம்ளரிலும் அந்த 20 கிராம் அரிசியோடு 15 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, 100 மி.லி. பாலும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சேர்த்து அரைத்தால் ஒரு தம்ளருக்கு 275 கலோரியும் 8 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் வரும். ஆறு தம்ளருக்கு 1,650 கலோரி, 50 கிராம் புரதம். இரண்டு முட்டையும் முள் எடுத்து மசித்த 50 கிராம் நெய்மீனும் சேர்த்தால் 72 கிராம் வந்துவிடும். சைவ வீடு என்றால் முட்டை மீனுக்குப் பதில் தயிரும் வறுத்த நிலக்கடலைப் பொடியும் பருப்பும் கூட்டுங்கள். ஒரு பிடி நிலக்கடலையில், 30 கிராம், ஏழரை கிராம் புரதம் இருக்கிறது. நைசாக அரைத்துக் கஞ்சியில் கலக்கவேண்டும், பருக்கையாகக் கொடுக்கக் கூடாது.

கொடுத்ததை எழுதாதீர்கள், உள்ளே போனதை எழுதுங்கள். முழுத் தம்ளர், முக்கால், அரை, கால் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்தால் உணவியல் நிபுணருக்கு அதைவிட உதவியான சீட்டு வேறில்லை.

7. கெட்டியாக் குடுங்கன்னாவ. எவ்வளவு கெட்டி? எதைக் குடுக்கலாம், எதைக் கூடாது?

உங்களுக்கு எழுதிக்கொடுத்த நிலை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை ஒரே அளவுகோல். வீட்டில் சரிபார்க்க ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. நீளம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள், எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒன்றல்ல. கீழே விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து, 10 விநாடியில் மறுபடி அடைக்க வேண்டும். மீதி 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8-க்கு மேல் நின்றால் நிலை 3. ஒன்றுமே ஒழுகாவிட்டால் நிலை 4, அது கரண்டியில் எடுத்து ஊட்டும் பதம். கஞ்சி ஆற ஆற இறுகும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டால் நீர்த்துப்போகும். அதனால் கொடுக்கப்போகும் சூட்டில் சோதித்து, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் பயமில்லாததாகத் தோன்றும் சில பொருள்கள்தான் அதிகம் புரையேறுகின்றன. பழையசோறும் நீத்தண்ணியும் சேர்ந்தது ஒன்று. பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும். ரசஞ்சோறு, காய் மிதக்கும் சொதி, சாம்பாரில் ஊறிய இட்லி எல்லாமே இந்த வகை. சொதியை விட வேண்டாம், காயோடு அரைத்து வடிகட்டி ஒரே பதமாக்கினால் தேங்காய்ப்பாலின் கலோரியும் கிடைக்கும். இட்லியைத் திட்டாகத் தெரியாதபடி ஈரமாகப் பிசைய வேண்டும். உளுந்தங்களியும் அல்வாவும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உளுந்தை வறுத்து அரைத்துப் பால்விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதே சத்து, ஒட்டாது. புட்டு, அவல், அப்பளம், மிக்சர், வழுக்கும் நுங்கு இப்போதைக்கு வேண்டாம்.

8. ஊட்டும்போது எப்படி உக்கார வைக்க?

முடிந்தவரை நேராக, பாதம் தரையில் படும்படி. விழுந்த பக்கம் தலையணை வைத்து அண்டக்கொடுங்கள். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுகிறவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். எதிரே அதே உயரத்தில் உட்காருங்கள். தாடை சற்றே கீழே இருக்கட்டும். ஒரு தடவைக்குச் சின்ன டீஸ்பூன் பாதி, நல்ல பக்கத்துக் கன்னத்தில். தொண்டைக் குமிழ் மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். நடுநடுவே ‘ஆ’ என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் நனைந்தாற்போல் கொழகொழத்தால் நிறுத்தி இருமச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். பையப் பைய ஊட்ட அரைமணி நேரம் ஆகும். அதற்கு மேல் இழுத்தால் அவர் களைத்துவிட்டார் என்று பொருள், மீதியை அடுத்த வேளைக்கு வையுங்கள்.

முடிந்ததும் விரலில் துணி சுற்றி விழுந்த பக்கக் கன்னத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே சோறு ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. அரைமணி நேரம் சாயாமல் இருக்கட்டும். காலையும் இரவும் பல் துலக்க வேண்டும், பல் இல்லாதவருக்கும் வாய் துடைக்க வேண்டும். நுரையீரலுக்குப் போகும் கிருமி பெரும்பாலும் வாயில் வளர்ந்த கிருமிதான்.

9. தயிர் குளிர்ச்சி, கிழங்கும் பருப்பும் வாய்வுன்னு ஆச்சி தடுக்காவ. வாதத்துக்குப் பத்தியம் உண்டா?

பக்கவாதம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வருவது. ‘வாதம்’ என்ற பெயரால் அதை வாய்வோடு சேர்த்துவிடுகிறோம். தயிர், பருப்பு, கிழங்கு, முட்டை, மீன் எதுவும் இதனால் விலக்கல்ல. பத்தியம் என்ற பெயரில் இவற்றை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது மிளகு ரசமும் சோறும்தான். 72 கிராம் புரதம் எங்கிருந்து வரும்? ஆச்சியிடம் சண்டை போட வேண்டாம். 6-ஆம் கேள்வியின் கணக்கை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள், எடை இறங்கியதைக் காட்டுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

புறா ரத்தம் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அதனால் கை கால் வராது. பச்சை ரத்தத்தில் கிருமி உண்டு. அதைப் படுத்தவாறே வாயில் ஊற்றினால் 3-ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்து அப்படியே நடக்கும்.

10. தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்கு. கேட்டா சாப்பிட்டாச்சுங்காவ.

மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தட்டின் வலப்பாதியைச் சாப்பிட்டு முடித்துவிடுவார், மீதி அவர் கண்ணுக்கு இல்லை. அடம் என்று திட்டாதீர்கள். தட்டைப் பாதியில் திருப்பி வையுங்கள், அல்லது வலப்பக்கமாக நகர்த்துங்கள்.

இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பசியோடு எழுந்துவிடுகிற வலதுகை விழுந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கைப்பிடி தடித்த கரண்டியும் விளிம்பு உயர்ந்த கிண்ணமும், அடியில் நழுவாமல் ஈரத்துணியும் கொடுங்கள். ஆள் இல்லாத இடத்தில் முதலில் பழகட்டும். எதிலும் விருப்பமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வருகிறது, மருந்தும் உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

11. மூக்குல டியூப் போட்டா அத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லுதாவளே?

இல்லை. விழுங்கும் திறன் பலருக்கு முதல் சில வாரங்களில் திரும்பி வருகிறது. அதுவரை உடம்பு கரையாமல் காப்பதுதான் அந்தக் குழாயின் வேலை. வாய்வழி பாதுகாப்பாகப் போகாது என்று தெரிந்தால் முதல் சில நாளிலேயே போடுவது நல்லது. ‘இன்னும் ரெண்டு நாள் பாப்போம்’ என்று இழுத்தால் 4-ஆம் கேள்வியின் அந்த 5 நாள் கணக்கு ஓடிவிடும்.

நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகப் போடும் பெக் டியூப் பற்றிப் பேசுவார்கள். முதல் வாரங்களிலேயே அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. 2005-இல் வெளியான ‘ஃபுட்’ என்னும் பெரிய ஆய்வில், தொடக்கத்திலேயே பெக் போட்டவர்கள் மூக்கு டியூப் போட்டவர்களைவிட நன்றாகத் தேறவில்லை.

12. வீட்ல டியூப்ல ஊத்துதோம். எதுல தப்பு நடக்கும்?

முதல் தப்பு, டியூப் இடம் மாறியதைப் பார்க்காமல் ஊற்றுவது. மூக்கு விளிம்பில் எத்தனையாவது செ.மீ. கோடு வருகிறது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்குங்கள். பேனாவால் குறியும் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குறி, வாய்க்குள் டியூப் சுருண்டிருக்கிறதா என்பது, சிரிஞ்சால் உறிஞ்சினால் வயிற்று நீர் வருகிறதா என்பது, மூன்றையும் பாருங்கள். அந்த நீரை அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்து 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் வயிற்றில் இருக்கிறது. காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள், நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். சந்தேகம் என்றால் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுப்பதே வழி. உருவிவந்த டியூபை வீட்டில் திரும்பத் தள்ளக் கூடாது.

இரண்டாவது, படுத்தவாறே ஊற்றுவது. தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்தும் ஒரு மணி நேரம் அப்படியே. ஊற்றுமுன் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு 200 முதல் 250 மி.லி. உணவு, முடிந்ததும் மறுபடி 30 மி.லி. தண்ணீர். 50 மி.லி. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, புனல் போலப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகவேண்டும். தண்டால் அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குப் போகும்.

மூன்றாவது, நம் ஊர் வெயில். காலையில் அரைத்ததை மத்தியானம் வரை மேசையில் வைத்து ஊற்றினால் வயிற்றோட்டம்தான். வெளியில் வைத்தால் 2 மணி நேரம், குளிர்பெட்டியில் ஒரு நாள், அதற்குமேல் கொட்டிவிடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் டியூப் அடைக்கும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கம்பி விடக் கூடாது. வடிகட்டுவதற்காகத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் 6-ஆம் கேள்வியின் கஞ்சித்தண்ணிக் கதைதான். மெலிந்துகொண்டே போனால் அரைத்த உணவின் ஒரு பங்குக்குப் பதில் டியூபுக்கென்று உள்ள பவுடரைச் சேர்ப்பது நல்லது.

13. மாத்திரையை எல்லாம் பொடிச்சுக் கஞ்சில கலந்துரலாமா?

கூடாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பொடித்து 10 முதல் 15 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, நடுவில் தண்ணீர் விடுங்கள். சிலவற்றைப் பொடிக்கவே கூடாது: மேலே பூச்சு போட்ட ஆஸ்பிரின், பான்டோபிரசோல், பெயரோடு எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று வரும் மெதுவாகக் கரையும் மாத்திரைகள். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்தால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி ரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர் என்றால் டியூப் உணவுக்கும் அதற்கும் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் ஏறாது. மாற்று வடிவம் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

14. சுகரும் பிரஷரும் இருக்கு. அங்க எல்லாத்தையும் குறைன்னாவ, நீங்க கூட்டுன்னு சொல்லுதிய?

குறைக்க வேண்டியது சர்க்கரையும் உப்பும். சாப்பாட்டின் மொத்த அளவை அல்ல. மெலிந்துகொண்டிருக்கும் நாளில் ‘சுகருக்காக’ ஒருவேளைச் சோற்றை நிறுத்துவது தவறு. அரிசியைக் குறைத்தால் அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், தயிர், எண்ணெய் வரவேண்டும். கருப்பட்டி சுகரை ஏற்றாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதுவும் சர்க்கரைதான். இன்சுலின் போடுபவருக்கு டியூப் உணவு தாமதமானாலோ வாந்தியானாலோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். பேச முடியாதவர் மயக்கம் வருகிறது என்று சொல்லமாட்டார், வேர்வையைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. சப்பென்று இருந்தால் சாப்பிட மாட்டார். எலுமிச்சை, சீரகம், மல்லியால் ருசி கூட்டுங்கள்.

15. பத்து நாளா ஒண்ணுமே இறங்கலை. இப்ப டியூப் போட்டாச்சு. நல்லா வயிறு நிறையக் குடுத்துரலாம்லா?

இங்கேதான் பாசம் ஆளைக் கொல்லும். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்லுக்குள் பாய்ந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை தளரும், கால் வீங்கும். முதல் சில நாளிலேயே நடக்கும். பத்து நாளுக்கு மேல் ஒன்றும் இறங்காதவர், பி.எம்.ஐ. 16-க்குக் கீழே உள்ளவர், 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், நெடுநாள் குடிப்பழக்கத்தோடு சில நாள் பட்டினியும் கிடந்தவர் இந்த அபாயத்தில் இருக்கிறார்கள்.

இவர்களுக்குக் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, 4 முதல் 7 நாளில் படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றுவார்கள். உணவுக்கு முன்பே தயமின் என்னும் பி1 வைட்டமின் தொடங்கவேண்டும், ரத்தத்தில் அந்த மூன்று உப்புகளையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாத மற்றவர்களுக்கும் முதல் இரண்டு நாள் தேவையில் பாதிதான்.

16. ஆயிரம் ரூவா பவுடர் டப்பா வாங்கணுமா?

நன்றாகச் சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை. 11-இல் சொன்ன அதே ஆய்வின் ஒரு பகுதியில் 4,023 பேருக்குப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வழக்கமாகச் சத்துப் பானம் கொடுத்ததில் பெரிய பலன் தெரியவில்லை. ‘மஸ்ட்’ மதிப்பெண் 2-ம் அதற்கு மேலும் உள்ளவர், 6-ஆம் கேள்விப்படி செய்தும் எடை இறங்குபவர், இவர்களுக்குப் பயன்படும். டப்பாவில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று படித்து வாங்குங்கள். குழந்தைகளுக்கான மால்ட் பவுடர்களில் சர்க்கரையே அதிகம்.

17. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. முருங்கைக்கீரை கூடாதாமே?

எந்த மாத்திரை என்று பாருங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் கீரையில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு நாள் கட்டுக்கட்டாகச் சமைப்பதுதான் ஆபத்து. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அபிக்சபான் சாப்பிடுபவர்களுக்குக் கீரையில் தடையில்லை.

18. தாத்தா டியூபைப் பிடுங்கிப் போடுதாவ. வேண்டாம்னு கையக் காட்டுதாவ. கட்டி வச்சுக் குடுக்கவா?

முதலில் காரணம் தேடுங்கள். மூக்கில் புண், இறுக்கமான பிளாஸ்டர், தடித்த டியூப், மலச்சிக்கல், குழப்ப நிலை எல்லாம் பிடுங்க வைக்கும். மெலிந்த டியூபாக மாற்றுவது, கன்னத்தில் ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவது, பஞ்சு வைத்த கையுறை ஆகியவை கட்டிவைப்பதைவிட நல்லவை.

தெளிவான நினைவோடு வேண்டாம் என்கிறார் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. இரண்டு வாரம் என்று நாள் குறித்துப் பார்ப்போம், தேறாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று மருத்துவரும் குடும்பமும் அவர் முன்னால் பேசி முடிவெடுக்கலாம். தேற வழியில்லாத முதுமையில், புரையேறும் அபாயம் உண்டு என்று அறிந்தே, அவருக்குப் பிடித்ததை 8-இல் சொன்ன பக்குவத்தில் இரண்டு கரண்டி ஊட்டி, வாயை ஈரமாக வைத்திருப்பதும் ஒரு வைத்தியமே. பட்டினி போட்டுவிட்டோமே என்று மகளோ மருமகளோ தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் செய்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

19. டியூபை எப்ப எடுக்கலாம்?

விழுங்கும் சோதனையில் தேறி, தேவையில் முக்கால் பங்கு வாய்வழியே மூன்று நாள் தொடர்ந்து போனால் எடுக்கலாம். டியூப் மூக்கில் இருக்கும்போதே நிபுணர் சொன்ன பதத்தில் ஊட்டிப் பழக்கலாம், மெல்லிய டியூப் அதற்குத் தடையில்லை. பகலில் வாய்வழி, குறைந்ததை இரவில் டியூப் வழி என்று வாரக்கணக்கில் மாற்றுங்கள். எடுத்த பிறகு இரண்டு வாரம் எடையும் நோட்டும் தொடரட்டும். காய்ச்சல், சாப்பிடும்போது மூச்சிரைப்பு, சிறுநீர் கடுமஞ்சளாகக் குறைவது, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறி உதடு நீலம் பாய்ந்தால் 108.